காலில் எலும்பு கூடிவிட்டது. மகனின் பயம் மட்டும் ஏன் போகவில்லை?

தோட்டத்துத் தாய் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பீடோருக்கும் சுங்காய்க்கும் இடையே, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்தில் வசிக்கிறோம். என் மகனுக்கு ஒன்பது வயது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். மூன்றரை மாதங்களுக்கு முன், காலையில் அவனை மோட்டாரில் பள்ளிக்கு ஏற்றிச் சென்றபோது, தோட்டத்துச் சிம்பாங்கில் (சாலைச் சந்திப்பில்) எங்களுக்கு முன்னால் திரும்பிய லோரியிலிருந்து ஒரு செம்பனைக் குலை உருண்டு விழுந்தது. நான் பிரேக்கை அழுத்தினேன், மோட்டார் சறுக்கிவிட்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே. அவன் லோங்காங்கின் (வடிகாலின்) சிமெண்டு விளிம்பில் போய் விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது.

மருத்துவமனையில் எனக்குக் கட்டுப்போட ஒரு பக்கம் அழைத்துச் சென்றார்கள். அவனை வேறு பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அவன் எங்கே இருக்கிறான் என்றே எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் அவனுடைய பள்ளிக் காற்சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, பந்து விளையாடுவதை மட்டும் சில மாதங்கள் தள்ளிப்போடுங்கள் என்று சென்ற வாரம் மருத்துவர் கூறினார்.

ஆனால், வீட்டுக்குத் திரும்பிய பிள்ளை பழைய பிள்ளையாக இல்லை. ஐந்து வயதிலேயே நின்றுபோன படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பிவிட்டது. முடி வெட்டப் போன இடத்தில், கத்தரிக்கோல் காதருகே ஒலித்ததும் நாற்காலியிலிருந்து குதித்து வெளியே ஓடிவிட்டான். பாதி வெட்டிய தலையோடு அழைத்து வந்தோம். அந்தச் சிம்பாங் வழியாக வரவே மறுக்கிறான். அதனால் நாள்தோறும் கம்போங் (கிராமம்) வழியாக எட்டுக் கிலோமீட்டர் சுற்றி, பக்கத்து வீட்டுக்காரரின் காரில் அனுப்புகிறோம். எல்லாவற்றையும்விட என்னை வதைப்பது வேறொன்று. என் கணவரும் குலை ஏற்றும் லோரிதான் ஓட்டுகிறார். விபத்தில் தொடர்புடையது அவருடைய லோரி இல்லை. இருந்தும், மாலையில் அவர் லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) முனையில் லோரியை நிறுத்தும்போது வரும் அந்தக் காற்று பிரேக்கின் சத்தம் கேட்டவுடன், மகன் எழுந்து சமையலறைக்குப் போய் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் குந்திக்கொள்கிறான். அவர் குளித்துச் சட்டை மாற்றிய பிறகுதான் வெளியே வருகிறான். அவர் எதுவும் சொல்வதில்லை. கோப்பியைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

விபத்தைப் பற்றிப் பேசக்கூடாது, பேசாமல் விட்டால் மறந்துவிடுவான் என்கிறார் என் மாமியார். கோயிலில் திருநீறு போட்டு, கயிறும் கட்டியாகிவிட்டது. மனநல மருத்துவரிடம் காட்டலாமா என்று கேட்டதற்கு, "பிள்ளையைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பார்க்கிறாயா?" என்று, அங்குள்ள மனநல மருத்துவமனையை நினைத்து அழுதுவிட்டார். இது நோயா, வெறும் பயமா? நாங்கள் அவனிடம் பேசவேண்டுமா, பேசாமல் இருக்கவேண்டுமா? எங்கே போய்த் தொடங்குவது?

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அன்றிலிருந்து மோட்டாரைத் தொடவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அவன் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் படுப்பேன். பிரேக்கை நான் மெதுவாக அழுத்தியிருந்தால் இப்படி நடந்திருக்காது.

பழைய தலைமையாசிரியர்

அம்மா, மருத்துவம் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில், பள்ளியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வகுப்பாசிரியரை நேரில் சந்தித்து, இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். கால் குணமாகிவிட்டது என்றால் பையன் முழுவதும் குணமாகிவிட்டான் என்றுதான் பள்ளி நினைத்துக்கொள்ளும். பாடத்தில் கவனம் சிதறினால் சோம்பல் என்றும், எரிந்து விழுந்தால் திமிர் என்றும் எழுதிவிடுவோம். அவனைக் கதவோரத்தில் உட்காரவைக்கலாம். மனம் பதறும்போது யாரையும் கேட்காமல் எழுந்து நூலகத்துக்கோ அலுவலகத்துக்கோ போய் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வர அனுமதி கொடுக்கலாம். தீயணைப்புப் பயிற்சிக்கு மணி அடிக்கும் நாளை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவைக்கலாம். தழும்பைக் காட்டச் சொல்லி மற்ற பிள்ளைகள் தொந்தரவு செய்வார்கள்; காட்டுவதும் காட்டாததும் அவன் விருப்பம் என்று ஆசிரியர் ஒருமுறை வகுப்பில் சொன்னாலே போதும்.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. "நான் கண்ட சாலை விபத்து" என்ற கட்டுரைத் தலைப்பை அறியாத தமிழ்ப்பள்ளி மாணவர் நம் நாட்டில் இருக்கமாட்டார். நானும் ஆண்டு தவறாமல் அதைக் கொடுத்தேன். ஓர் ஆண்டு ஒரு மாணவி தலைப்பை மட்டும் அழகாக எழுதி, அடியில் கோடு போட்டுவிட்டு, வெள்ளைத்தாளை நீட்டினாள். வகுப்பு முழுவதும் பார்க்க அவளை நிற்கவைத்தேன். அவளுடைய தந்தை சாலையில் இறந்திருந்தார் என்று மாலையில் மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் மகனுக்கு அந்தத் தலைப்பு வராமல் பார்த்துக்கொள்ளும்படி ஆசிரியரிடம் கட்டாயம் கேளுங்கள்.

மருத்துவ உளவியலாளர்

தோட்டத்துத் தாய் அவர்களுக்கு, அரசு மருத்துவமனையில் குழந்தைகளைப் பார்க்கும் பணியில் இருக்கிறேன். நேரில் பார்க்காமல் எந்தக் குழந்தைக்கும் நோயின் பெயரைச் சூட்டமுடியாது. ஆயினும் நீங்கள் விவரித்தவை, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் என்று நாங்கள் சொல்லும் நிலையோடு பெரிதும் பொருந்துகின்றன. எனவே காத்திருக்கவேண்டாம்.

விபத்து நடந்த முதல் சில வாரங்களில் கெட்ட கனவு, ஒட்டிக்கொள்ளுதல், திடுக்கிடுதல் ஆகியவை பெரும்பாலான குழந்தைகளுக்கு வரும். பலருக்குத் தாமாகவே தணிந்தும்விடும். அதனால்தான் 2013-இல் வெளியான டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூல், அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மட்டுமே இந்தப் பெயரைப் பயன்படுத்தவேண்டும் என்கிறது. நடந்தது விரும்பாமலே திரும்பத் திரும்ப மனத்தில் நுழைவது, அதை நினைவூட்டும் இடத்தையும் பொருளையும் ஆளையும் தவிர்ப்பது, எண்ணமும் மனநிலையும் இருண்டுபோவது, உடல் எந்நேரமும் விழிப்பு நிலையில் நிற்பது என்று நான்கு வகை அறிகுறிகளை அது பார்க்கச் சொல்கிறது. கத்தரிக்கோல், சிம்பாங், பிரேக் சத்தம், அரிசி டின் ஆகியவற்றை இந்த நான்கில் எங்கே வைப்பது என்று நீங்களே கண்டுகொள்வீர்கள். உங்கள் மகனுக்கு மூன்றரை மாதம் கடந்துவிட்டது.

காயத்தின் அளவுக்கும் இந்த நிலைக்கும் நேரடித் தொடர்பு குறைவு என்பது குடும்பங்களுக்குப் பெரும்பாலும் வியப்பளிக்கிறது. எலும்பு எத்தனை துண்டானது என்பதைவிட, "நான் சாகப்போகிறேன்" என்று அந்தக் கணத்தில் பிள்ளை நினைத்ததா, வலி அடக்கப்பட்டதா, பெற்றோர் பக்கத்தில் இருந்தார்களா என்பவைதான் அதிகம் தீர்மானிக்கின்றன. தனியாகக் கிடந்த அந்த இரண்டு மணி நேரமும் ஆடையை வெட்டிய சத்தமும் அவனுக்கு விபத்தின் இரண்டாம் பாதி. கடுமையான அதிர்ச்சிக்கு ஆளான குழந்தைகளில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவருக்கு இந்த நிலை உருவாகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே இது அரிய நோயும் இல்லை. வளர்ப்பின் குறையும் இல்லை.

மறந்துவிடுவான் என்ற உங்கள் மாமியாரின் எண்ணம் அன்பிலிருந்து வருகிறது. ஆனால், நடப்பது வேறு. சிம்பாங்கைத் தவிர்க்கும் ஒவ்வொரு நாளும் அவன் மனம் சட்டென்று இலேசாகிறது. "சுற்றிப் போனதால்தான் பிழைத்தோம்" என்ற பாடத்தை மூளை அன்றும் ஒருமுறை படித்துக்கொள்கிறது. அந்த எட்டுக் கிலோமீட்டர்தான் பயத்துக்குத் தீனி போடுகிறது. பேச்சும் அப்படித்தான். அம்மா அழுவார் என்பதற்காகப் பிள்ளை வாய் திறப்பதில்லை; பிள்ளை பதறுவான் என்பதற்காக அம்மா வாய் திறப்பதில்லை. துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவனாகத் தொடங்கினால் வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். "அன்று உன்னை எங்கே கொண்டுபோனார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, உன்னைத் தேடிக்கொண்டே இருந்தேன்" என்று ஒருமுறை அவனிடம் சொல்லுங்கள். அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று நெஞ்சுக்குள் வைத்திருக்கும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது, சொல்ல அதிகமில்லை என்று நீங்கள் எழுதிய கடைசிப் பத்திக்கு வருகிறேன். மோட்டாரைத் தொடாமை, இரண்டு மணி விழிப்பு, மூச்சுப் பார்த்தல், பிரேக்கைப் பற்றிய குற்ற உணர்வு ஆகிய நான்கையும் உங்கள் மகன் எழுதியிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? விபத்தில் நீங்களும் இருந்தீர்கள். காயம்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கும் இதே நிலை வருவதுண்டு. பெற்றோரின் அறிகுறிகள் நீடிக்கும் வீடுகளில் பிள்ளைகளின் அறிகுறிகளும் நீடிக்கும் போக்கு உள்ளது. உங்களைக் குற்றம்சாட்ட இதைச் சொல்லவில்லை. கிளினிக்கில் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள் என்பதற்காகவே சொல்கிறேன். உங்கள் கணவரையும் மறக்கவேண்டாம்.

முதலில் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையத்துக்கு) செல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து கடிதம் பெற்று அரசு மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்குக்குப் போகலாம். விழுந்தபோது தலையில் அடிபட்டதா, மயங்கினானா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளைகளுக்கும் தலைவலி, எரிச்சல், கவனச்சிதறல் வரும் என்பதால் இரண்டையும் பிரித்தறியவேண்டும். இந்த நிலைக்கு முதன்மையான சிகிச்சை, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள் நடக்கும். பெற்றோருக்கும் அதில் தனி நேரம் உண்டு. மூச்சையும் உடலையும் அமைதிப்படுத்தக் கற்றபின், பிள்ளை தன் கதையைச் சிறிது சிறிதாகச் சொல்லியோ வரைந்தோ முடிக்கும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்த நோய்க்காக மருந்து கொடுக்கவேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது; ஆகவே மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்துவிடுவார்கள் என்ற அச்சம் வேண்டாம்.

தமிழில் இதெல்லாம் நடக்குமா என்ற ஐயம் எழலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில், போரையும் அலையையும் கண்ட 31 குழந்தைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பிரிவினர் தம் கதையைச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். இரு பிரிவிலும் பெரும்பாலானோர் தேறினார்கள். சிறிய ஆய்வுதான். என்றாலும், தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். தனியாரிடம் போவதானால், ஆலோசகர் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாங்கமுடியாமல் போனால் சுகாதார அமைச்சின் மனநல உதவிக்கான ஹீல் தொலைபேசி எண் 15555. மனக்குறை கேட்கும் தொண்டு அமைப்பான பெஃப்ரெண்டர்ஸின் எண் 03-7627 2929.

தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911 முதல் இயங்கிவருகிறது. அதன் பெயரைச் சொல்லியே நம் பாட்டிமார்கள் நம்மைச் சோறு சாப்பிடவைத்தார்கள். உங்கள் மகன் போகப்போவது வெளிநோயாளர் அறைக்கு. பிற்பகலில் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

பால்மரத்துக் காலத்தவன்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் காலத்தில் ரப்பர் மரத்துப் பால்வெட்டுக் கத்தி கையைக் கிழித்தது, பாம்பு கடித்தது, லயமே தீப்பிடித்தது. யாரும் எங்களை உட்காரவைத்துக் கதை கேட்கவில்லை, நாங்கள் வாழவில்லையா? தந்தை அவனைத் தூக்கி மோட்டாரில் வைத்து, அழுதாலும் விடாமல் அந்தச் சிம்பாங்கை ஒருமுறை கடக்கட்டும். அன்றோடு பயம் போய்விடும்.

மருத்துவ உளவியலாளர்

ஐயா, பயந்த இடத்துக்குத் திரும்பிப் போகவேண்டும் என்பதில் நீங்கள் சொல்வதும் நாங்கள் செய்வதும் ஒன்றுதான். வேறுபாடு, கைப்பிடி யாரிடம் இருக்கிறது என்பதில் இருக்கிறது. கட்டித் தூக்கிப் போனால், தப்பிக்க வழியில்லை என்ற விபத்து நாளின் உணர்வே அவனுக்கு மீண்டும் கிடைக்கும். கூடவே, தந்தை மேலும் பயம் ஏறும். தொலைவிலிருந்து சிம்பாங்கைப் பார்ப்பது, மறுநாள் இன்னும் பத்து அடி நெருங்குவது, அவன் போதும் என்றால் நிற்பது, ஆனால் பயம் கொஞ்சம் தணியும்வரை அங்கேயே நிற்பது என்று படிப்படியாகச் செய்தால் மூளை புதிய பாடத்தைப் படிக்கும். நீங்கள் எல்லாரும் வாழ்ந்தீர்கள் என்பது உண்மை. இரவில் கத்திக்கொண்டு எழுந்த பெரியப்பாக்களும், மாலையானால் கள்ளுக்கடைக்குப் போய்விட்ட தாத்தாக்களும் அந்த லயங்களில் இருந்தார்கள் என்பதும் உண்மை.

பீடோங் அப்பா

சகோதரி, நான் கெடாவிலிருந்து எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, மேசை விரிப்பை இழுத்ததில் கோப்பிக்கு வைத்திருந்த வெந்நீர் அவள் மார்பிலும் தோளிலும் கொட்டிவிட்டது. மேசையில் வைத்தவன் நான்.

நடந்ததை எடுத்துச் சொல்லத் தெரியாத வயது என்பதால் அவளுக்கு எதுவும் ஆகவில்லை என்று நினைத்தோம். பிறகு பார்த்தால், பொம்மையைக் குப்புறப் படுக்கவைத்து, காலிக் குவளையைக் கவிழ்த்து, "சுடுது, சுடுது" என்று சொல்வாள், துணியைச் சுற்றுவாள், மறுபடி அவிழ்ப்பாள். ஒரு நாளைக்கு இருபது முறையாவது இதே விளையாட்டு. ஒருமுறைகூட அந்தப் பொம்மை குணமாகி எழுந்ததில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு நினைவு விளையாட்டில்தான் வரும் என்றும், ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குத் தனி அளவுகோல் இருக்கிறது என்றும் பின்னர் எங்களைப் பார்த்த ஆலோசகர் விளக்கினார். பொம்மைக்கு மருந்து போட்டு எழுப்பி உட்காரவைக்கும் விளையாட்டை அவர் என் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார்.

நான்தான் மோசமாக இருந்தேன். கட்டு மாற்றும் நாளில் உள்ளே போகமாட்டேன். கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வானொலியைச் சத்தமாக வைத்துக்கொள்வேன். வேலை இருக்கிறது என்று மனைவியிடம் பொய் சொன்னேன். மகள் என்னைத் தேடி அழுதாள் என்று தாதியர் ஒருவர் கார் வரை வந்து சொன்ன பிறகுதான் இறங்கிப் போனேன். உங்கள் கணவர் கோப்பியைக் குடிக்காமல் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவு செய்து அவரைத் தனியாக விடாதீர்கள்.

கோயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டி தினமும் இரவில் நெற்றியில் திருநீறு பூசி, தலையைக் கோதிக்கொண்டே உட்கார்ந்திருந்த அந்தக் கால் மணி நேரம்தான் என் மகள் அமைதியாக இருந்த நேரம். அதை நிறுத்தவேண்டாம் என்று ஆலோசகரே சொன்னார். உங்கள் மாமியாரை எதிர்க்கட்சியில் சேர்த்துவிடாதீர்கள்.

தோட்டத்துத் தாய் (ஆறு வாரங்களுக்குப் பிறகு)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கிளினிக்கில் மருத்துவ அதிகாரி மகனிடம் தனியாகவும் என்னிடம் தனியாகவும் பேசினார். என் முறை வந்தபோது, அவர் ஏதும் கேட்பதற்கு முன்பே அழுதுவிட்டேன். இருவருக்கும் கடிதம் கொடுத்தார். நிபுணர் கிளினிக்கில் நாள் கிடைக்க நான்கு வாரங்கள் ஆயின. அந்த நான்கு வாரமும் எளிதாக இல்லை. இதுவரை இரண்டு அமர்வுகள் முடிந்திருக்கின்றன. சிகிச்சையாளர் அரைகுறைத் தமிழில்தான் பேசுகிறார். மகன் அவருடைய சொற்களைத் திருத்துகிறான். அதில் அவனுக்கு ஒரு மகிழ்ச்சி.

அன்று அவனைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று அவனிடம் சொன்னேன். "நான் கூப்பிட்டேன், நீங்க வரல" என்றான். பிறகு நெடுநேரம் என் மடியில் படுத்திருந்தான். ஆறு வாரத்துக்கு முன் அவன் இதைச் சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

வாரத்தில் இரண்டு நாள் படுக்கை இன்னும் நனைகிறது. நானும் மோட்டாரை இன்னும் எடுக்கவில்லை. முற்றத்தில் இயந்திரத்தை ஓடவிட்டு மேலே உட்கார்ந்திருப்பதுவரை வந்திருக்கிறேன். முடி வெட்டுவதற்கு என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கத்தரிக்கோலை மகன் கையில் கொடுத்து, முதலில் தம் தலையில் ஒரு கொத்தை வெட்டச் சொன்னார். வெட்டினான், காதுக்கு மேல் குழி விழுந்துவிட்டது. அந்தத் தலையோடுதான் அவர் ஆலைக்குப் போய்வருகிறார்.

சிம்பாங்குக்கு இப்போது மாலையில் நாங்கள் மூவரும் நடந்து போகிறோம். பக்கத்திலிருக்கும் கடையின் பெஞ்சு வரைதான் போவது. அங்கிருந்து சாலை தெரியும். லோரி வரும்போது என் கையை இறுக்கிப் பிடிக்கிறான். பயம் எவ்வளவு என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதவேண்டும்; முதல் நாள் 10, நேற்று 7. எழுதி முடித்துவிட்டுத் தந்தையிடம், "அப்பா, உங்க லோரியில குலை விழாம இருக்க வலை கட்டுவீங்களா?" என்று கேட்டான். கட்டுவேன் என்றார். நாளைக்குக் கட்டும்போது தானும் வந்து பார்க்கவேண்டும் என்கிறான்.